இரண்டு மணிக் கையெழுத்து

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளை மேலிருந்து கீழாக இரண்டு முறை படித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அஞ்சு வருஷம் முழுசா ஆயிடுச்சு. இனிமே மூணு மாசத்துக்கு ஒரு தடவை வர வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிட்டுப் போங்க, போதும்."

எதிரே உட்கார்ந்திருந்த டிரையர்காரர் தலையாட்டினார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இப்படிப்பட்ட நேரத்தில் அழுகிறவர்களை அவர் பார்த்திருக்கிறார். ஒருவர் டாக்டரின் காலில் விழப்போய் மேஜையில் நெற்றியை இடித்துக்கொண்டார். இவருக்கு எதுவும் வரவில்லை. வந்தது ஒரு கூச்சம்தான், பரீட்சையில் எட்டிப் பார்த்து எழுதியவனை வகுப்பின் முன்னால் நிறுத்திக் கைதட்டச் சொன்னது மாதிரி.

மனைவி தாளை வாங்கி நான்காக மடித்துப் பையில் வைத்தாள். வெளியே வந்ததும் டீ மெஷின் பக்கத்தில் நின்றார்கள். அந்த வராந்தாவின் ஒவ்வொரு தரைக்கல்லும் அவருக்குத் தெரியும். மொட்டைத்தலையும் முகமூடியுமாக, மருந்து தொங்கும் கம்பியைத் தள்ளிக்கொண்டு நடந்த இடம்.

"ஒண்ணு பேசணும்," என்றாள் மனைவி.

"வீட்டுக்குப் போய்ப் பேசலாமே."

"வீட்டுக்குப் போனா நீங்க படுத்துடுவீங்க." பேப்பர் கப்பை அவர் கையில் திணித்தாள். "நான் செத்தப்புறம் உன் தம்பிகிட்ட சொல்லுன்னு என்கிட்ட ஒரு விஷயம் சொன்னீங்கல்ல?"

அவர் டீயைப் பார்த்தார். ஐந்து வருஷம். ஒரு நாள்கூட அவள் இதைப்பற்றி வாய் திறந்ததில்லை. காய்ச்சலில் ஏதோ உளறியதாக அவள் நினைத்துக்கொண்டாள் என்றே அவர் நம்பியிருந்தார். நம்பியிருந்தார் என்பதைவிட, அப்படி நம்பிக்கொள்ள வசதியாக இருந்தது.

"உனக்கு அது ஞாபகம் இருக்கா?"

"காய்ச்சல் உங்களுக்குத்தான் இருந்துச்சு. எனக்கா இருந்துச்சு?"

பக்கத்தில் ஒரு வார்டு பாய் ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனான். அவன் தாண்டும்வரை அவள் பொறுத்திருந்தாள்.

"நீங்க சாகணும்னு நான் காத்திருந்தேன்னு நினைக்காதீங்க. ஒரு நாளும் நினைச்சதில்ல. ஆனா இப்ப அந்தம்மாவே சொல்லிட்டாங்க, சாகமாட்டீங்கன்னு."

"இந்த வியாதியால சாகமாட்டேன்னுதான் சொன்னாங்க."

"இந்தப் பேச்செல்லாம் உங்களுக்கு நல்லா வரும். ஞாயித்துக்கிழமை அவனையும் அவன் பொண்டாட்டியையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன். நான் சொல்லமாட்டேன். உங்க வாயால நீங்கதான் சொல்லணும்."

டீ பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. அவர் கப்பைக் குப்பைத்தொட்டியில் போட்டார்.

அவர் வேலை செய்வது ஒரு பெரிய லாண்டரியில். ஊரிலிருக்கும் ஆஸ்பத்திரிகளின் விரிப்புகள், ஓட்டல்களின் துண்டுகள் எல்லாம் அங்கேதான் வரும். ஒரு பக்கம் துவைக்கும் மெஷின்கள். நடுவில் ஆள் உயரத்துக்கு நான்கு டிரையர்கள். அந்தப் பக்கம் விரிப்புகளைத் தேய்த்துத் தள்ளும் நீளமான உருளை. உருளையின் வாயில் நின்று மடிக்கும் பெண்கள். இருபது வருஷம் அவர் டிரையரில் நின்றார். அதனால்தான் அந்தப் பெயர். மனைவி பஸ் சீட்டுகளுக்கு உறை தைக்கும் பட்டறையில் இருக்கிறாள்.

டிரையர் துணியை உலர்த்தும்போது பஞ்சு உதிரும். அது பின்பக்கம் ஒரு கம்பிவலையில் போய்ப் படியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வலையை உருவிப் பஞ்சை வழித்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் பற்றிக்கொள்ளும். வலையைச் சுத்தம் செய்ததற்கு அடையாளமாக மெஷினில் தொங்கும் அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். காலை ஷிஃப்ட் ஆறிலிருந்து இரண்டு. அட்டையில் அந்த ஷிஃப்டுக்கு நான்கு கட்டங்கள்: எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு.

எல்லோரும் ஆறு மணிக்கே நான்கு கட்டத்திலும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஈரக்கையோடு பேனாவைத் தேடிக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமையில்லை. திருட்டுத்தனம் என்று யாரும் அதை நினைத்ததில்லை. காலையில் சட்டைக்குப் பித்தான் போடுவதுபோல ஒரு பழக்கம். கையெழுத்து முதலில், வேலை பிறகு. வேலை நடந்துவிடும் என்பதுதான் அதில் இருந்த நம்பிக்கை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் வேலை நடக்கவில்லை. டிரையர்காரர் எட்டுக்கும் பத்துக்கும் வலையை வழித்தார். பன்னிரண்டு மணிக்கு ஓட்டல் துண்டுகள் மலைபோல வந்து குவிந்தன, முடியவில்லை. இரண்டு மணிக்கு, இரண்டு ஐந்து பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும், அவ்வளவுதான் காரணம். வலையை எடுக்க மண்டிபோட்டுக் குனிய வேண்டும், பஞ்சு மூக்கில் ஏறும், சட்டை மாற்றியாகிவிட்டது. அடுத்த ஷிஃப்டில் அவர் டிரையருக்கு வருகிறவன் மனைவியின் தம்பி. அவன் பார்த்துக்கொள்வான்.

அவன் அட்டையைப் பார்த்தான். அத்தானின் கையெழுத்து இரண்டு மணிக் கட்டத்தில் இருந்தது. வலையைத் திறக்கவில்லை.

இரண்டு நாற்பதுக்கு மூன்றாவது டிரையர் பற்றிக்கொண்டது. உள்ளேயிருந்த துண்டுகள் எரிந்தபடி வெளியே சரிந்தன. மடிக்கும் இடத்திலிருந்து ஓடிவந்த ஒருத்தி எரிகிற தள்ளுவண்டியை இழுத்து வாசலுக்கு வெளியே தள்ளினாள். வலதுகை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வெந்துபோனது.

மறுநாள் மேனேஜர் கரிபிடித்த அட்டையை மேஜைமேல் போட்டார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"ரெண்டு மணிக்கு வலையைச் சுத்தம் பண்ணிட்டுத்தானே போனீங்க?"

டிரையர்காரர் தலையாட்டினார். அவ்வளவுதான் அவர் செய்தது. ஒரு தலையாட்டல். யார்மேலும் பழி போடவில்லை என்று பிறகு பல வருஷம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மேனேஜர் மைத்துனன் பக்கம் திரும்பினார்.

"அப்ப துணியை ஆறவிடாம அடுத்த ஈட்டைப் போட்டிருக்க. ஆறவெச்சியா இல்லையா?"

"வெச்சேன்னு நினைக்கிறேன் சார்."

அந்த 'நினைக்கிறேன்' அவன் வேலையைத் தின்றுவிட்டது. அதோடு நிற்கவில்லை. மெதுவாக அவனே நம்ப ஆரம்பித்துவிட்டான், தான் ஆறவைக்கவில்லை என்று. லாண்டரியில் அவனுக்குத் 'தீப்பெட்டி' என்று பெயர் வைத்தார்கள். பெயர் வீடுவரை வந்து ஒட்டிக்கொண்டது. வெந்த கையோடு ஆஸ்பத்திரியில் கிடந்த மடிப்புக்காரியை அவன் தினமும் போய்ப் பார்த்தான். சோப்பு வாங்கிக் கொடுத்தான், ஜன்னல் கதவை ரிப்பேர் செய்து கொடுத்தான், மூன்று வருஷம் கழித்துக் கல்யாணம் செய்துகொண்டான். இப்போது அவனுக்குக் கருங்கல் கிடங்கில் லாரி எடைபோடும் வேலை.

டிரையர்காரருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது முதல் ஆளாக ஓடிவந்தவன் அவன்தான். ரத்தம் ஒரே வகை. முதல் மருந்துச் சுற்றிலேயே, ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் ஆறாயிரத்துக்கு இறங்கியது. காலெல்லாம் சிவப்புப் புள்ளிகள். பல் துலக்கினால் ரத்தம் நிற்காது. வாய் முழுக்கப் புண், ஐஸ் துண்டுதான் சாப்பாடு. பதினேழாவது நாள், இரண்டு கதவு போட்ட தனி அறையில், காய்ச்சல் நூற்று நாலு இருக்கும்போது, இனி விடியாது என்று முடிவுசெய்து அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வலை, கையெழுத்து, தலையாட்டல். 'நான் போனப்புறம் அவன்கிட்ட சொல்லிடு.'

விடிந்தது. அதற்குப் பிறகும் விடிந்துகொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வந்ததும் வராததுமாகச் சமையலறைக்குள் போனான். அடுப்பின் குமிழ்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான்.

"தீயணைப்பு இலாகா வந்தாச்சு," என்றாள் அவன் மனைவி, செருப்பைக் கழற்றிக்கொண்டே. "அண்ணி, இவரு பையில என்ன இருக்குன்னு கேளுங்க."

"என்னடா இருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லயா? இஸ்திரிப் பெட்டி! பாதி வழியில, பிளக்கைப் பிடுங்கினோமா இல்லையான்னு சந்தேகம் வந்து பஸ்ஸைவிட்டு இறங்கி, வீட்டுக்கு ஓடி, பெட்டியையே தூக்கிட்டு வந்துட்டாரு. கையோட இருந்தா எரியாதாம்."

அக்கா சிரித்தாள். மைத்துனனும் சிரித்தான். "கல்லு கிடங்கு வேலை இதுக்காகத்தான்டி பிடிச்சிருக்கு. என்ன மறந்துட்டு வந்தாலும் கல்லு எரியாது."

டிரையர்காரர் தட்டுகளை எடுத்துவைத்தார். கோழிக் குழம்பும் சோறும் வெள்ளரிக்காயும் இருந்தன. பச்சைக் காய்கறி தின்னக்கூடாது என்று இரண்டு வருஷம் தடை இருந்தது. அந்தத் தடை நீங்கிய நாளிலும் வெள்ளரிக்காய் நறுக்கிக் கொண்டுவந்தவன் மைத்துனன்தான்.

"அத்தானுக்குக் கோழிக்கால் வைக்கா," என்றான்.

"எனக்கு என்ன, நானே எடுத்துக்கறேன்."

"பேசாம இருங்க. உங்களுக்கு இல்லாத காலா?"

இப்படித்தான் ஐந்து வருஷமாக. வீட்டில் நல்ல துண்டு அவருக்கு. தெருவில் அவரைப் பார்த்தால் ஜனங்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். லாண்டரியில் தலையணை உறை எண்ணும் லேசான வேலை கொடுத்திருந்தார்கள். போன மாதம் எண்ணிக்கை தப்பி ஒரு ஓட்டலுக்கு உறையே போகவில்லை, அதற்கும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எவ்வளவு பட்டுட்டாரு மனுஷன் என்பார்கள். நோய் அவரைச் சுற்றி ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து வைத்திருந்தது. உள்ளே அவர் பத்திரமாக இருந்தார்.

பாதிச் சாப்பாட்டில் மைத்துனன் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தான். ஏதோ சொல்ல வேண்டும் என்று வீட்டிலிருந்தே தயார் செய்துகொண்டு வந்தவன்போல இருந்தான்.

"அத்தான், எனக்குப் பேச வராது. ஆனா இன்னிக்குச் சொல்லிடறேன்."

"என்ன பாட்டா பாடப்போறாரு?" என்றாள் மடிப்புக்காரி.

"சும்மா இருடி. அத்தான், அந்தத் தீ விவகாரத்துல நீங்க எனக்காக எவ்வளவு தலைகுனிஞ்சிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும். உங்க சிபாரிசுல உள்ள வந்தவன் நான். உங்க மெஷினை எரிச்சுட்டுப் போனேன். நீங்க ஒரு நாளும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்ல. அதுதான் என்னை அறுத்துச்சு. ஆஸ்பத்திரில பதினோரு தடவை பிளேட்லெட் கொடுத்தேன்ல, ஒவ்வொரு தடவையும் ரெண்டு கையிலயும் ஊசியோட படுத்திருக்கும்போது நினைச்சுப்பேன், நான் பண்ணினதுல கொஞ்சம் கழியுதுன்னு. இப்ப டாக்டரே போயிட்டு வான்னு சொல்லிட்டாங்க. என் மனசு இப்பத்தான் லேசாச்சு அத்தான்."

 மனைவி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்கவே வேண்டாம், அவளுடைய விரல்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"நான் வலையை எடுக்கல மச்சான்," என்றார் டிரையர்காரர்.

"எந்த வலையை?"

"அன்னிக்கு. மூணாவது டிரையர்ல. ரெண்டு மணிக்கு நான் வலையைச் சுத்தம் பண்ணல. காலைலயே கையெழுத்துப் போட்டது அது."

மைத்துனன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, வேலை தெரிந்தவன் கேட்கிற குரலில், "பன்னெண்டு மணிக்கு?" என்று கேட்டான்.

"அதுவும் இல்ல."

"அப்ப பத்து மணிக்கு எடுத்ததுதான் கடைசி."

"ஆமா."

"அதுக்கப்புறம் என்ன ஓடுச்சு, விரிப்பா?"

"துண்டு."

"துண்டுல பஞ்சு ஜாஸ்தி," என்றான் அவன் தனக்குள். விரல்விட்டு எண்ணினான். "நாலரை மணி நேரத்துக்கு மேல. அது தாங்காது. ஆறவெச்சாலும் தாங்காது." சட்டென்று நிமிர்ந்தான். "நான் ஆறவெச்சேன் அத்தான். இப்ப நல்லா ஞாபகம் வருது. துணி ஆறினதும் மெஷின்ல மணி அடிச்சுது. மணி அடிச்சப்புறம்தான் கதவைத் திறந்தேன்."

"நீ ஆறவெச்சிருப்ப."

"மேனேஜர் கேட்டப்போ நீங்க என் பக்கத்துலதான நின்னீங்க?"

"பக்கத்துலதான் நின்னேன்."

மடிப்புக்காரி சேலைத் தலைப்பை எடுத்து வலதுகைமேல் போட்டுக்கொண்டாள். அந்தத் தழும்பை அவள் ஒருநாளும் மறைத்ததில்லை. கடைக்காரனிடம் பேரம் பேசும்போதுகூட அந்தக் கையைத்தான் நீட்டுவாள்.

"அக்கா," என்றான் மைத்துனன். "உனக்கு இது எப்ப தெரியும்?"

அவள் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள். "நீ மூணாவது தடவை கொடுக்க வந்ததுக்கு முந்தின நாள்."

"அப்ப மிச்சம் எட்டு..."

"ஒன்பது."

"ஒன்பது தடவை."

"தெரிஞ்சுதான்டா வரச்சொன்னேன். தெரிஞ்சுதான் ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன். பிளேட்லெட் எடுக்கும்போது உனக்கு உதடு மரத்துப்போகுதுன்னு சொல்வியே, அப்ப மூஞ்சியத் துடைச்சுவிட்டேன், அதுவும் தெரிஞ்சுதான். சொன்னா நீ வரமாட்டியோன்னு பயந்தேன்."

"நான் வந்திருப்பேன்க்கா."

"தெரியும். அதான் இன்னும் கேவலமா இருக்கு."

மைத்துனன் எழுந்தான். டிரையர்காரரின் அருகே வந்து நின்றான். கை ஓங்கவில்லை, ஆனால் முஷ்டி மூடியிருந்தது. அவர் முகத்தை நகர்த்தாமல் வைத்திருந்தார். அடித்துவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சினார்.

"உங்களை எங்க அடிக்கிறது அத்தான்?" என்றான் அவன். குரல் உடைந்திருந்தது. "எங்க தொட்டாலும் ரத்தம் கட்டிக்கும்னு பயந்து பயந்து உங்களைத் தூக்கி உக்காரவெச்ச கை இது. நான் என்ன பண்ணட்டும் இப்ப? சொல்லுங்க. நான் என்ன பண்ணட்டும்?"

 அவன் கையைக்கூடக் கழுவாமல் வெளியே போனான். மடிப்புக்காரி அவன் பின்னாலேயே ஓடினாள். பையும் இஸ்திரிப் பெட்டியும் மூலையில் கிடந்தன.

மூன்று வாரம் அவர்கள் வரவில்லை. அக்கா போன் செய்தால் மடிப்புக்காரிதான் எடுப்பாள். 'இருக்காரு அண்ணி, நல்லா இருக்காரு,' என்று வைத்துவிடுவாள். டிரையர்காரர் மனம் லேசாகும் என்று எதிர்பார்த்திருந்தார். ஆகவில்லை. வீட்டில் இரண்டு பேரும் ஒருவர் சாப்பிட்ட தட்டை ஒருவர் கழுவினார்கள், அதிகம் பேசவில்லை. ஒரு தடவை மட்டும், தையல் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே மனைவி சொன்னாள்: "உங்களைச் சொல்லவெச்சுட்டா என் பங்கும் தீர்ந்துடும்னு நினைச்சேன். தப்புக் கணக்கு."

நான்காவது வாரம், அவருக்கு விடுமுறையான ஒரு பகலில் மடிப்புக்காரி தனியாக வந்தாள்.

"இஸ்திரிப் பெட்டியை எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன் அண்ணே. கசங்கின சட்டையையே போட்டுக்கிட்டுத் திரியறாரு."

"எப்படி இருக்கான்?"

"வேலைக்குப் போறாரு, சோறு திங்கறாரு. நடுவுல கையைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. யாரோடதோ கை மாதிரி."

"என்னை மன்னிச்சிடும்மா. உன் கை..."

"அதைச் சொல்லிட்டா நீங்க நிம்மதியாத் தூங்குவீங்க, அதானே?" அவள் கோபமாகச் சொல்லவில்லை. உருளையிலிருந்து வரும் விரிப்பை மடிப்பதுபோல மூலைக்கு மூலை சேர்த்துச் சொன்னாள். "ஒண்ணு கேளுங்க. அவரு என்னைக் கட்டிக்கிட்டதே இந்தக் கைக்காகத்தான். எனக்குத் தெரியும். பாவம்னு வந்தாரு, அப்புறம் பழகிப்போச்சு, அப்புறம் பிடிச்சுப்போச்சு. அதெல்லாம் சரி. ஆனா வீட்ல ஏதாவது பேச்சு வந்தா நான் கையைத் தூக்கிக் காட்டுவேன். உடனே வாயை மூடிக்குவாரு. விளையாட்டுக்குத்தான் அண்ணே. ஒன்பது வருஷமா அந்த விளையாட்டு. தப்பே பண்ணாத மனுஷனை ஒன்பது வருஷம் கையைக் காட்டியே அடக்கி வெச்சிருக்கேன். எனக்கு வர்ற வெக்கத்தை நான் யார்கிட்ட கொண்டுபோய்க் கொட்டறது?"

அவர் மூலையிலிருந்த இஸ்திரிப் பெட்டியை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார்.

"எனக்கு மன்னிப்பெல்லாம் வேண்டாம். அவரைக் கை காட்டினது நாலு பேர் நடுவுல. நீங்க நாலு செவுத்துக்குள்ள சொல்லிட்டா ஆச்சா? லாண்டரில போய்ச் சொல்லுங்க. ரெண்டு ஷிஃப்டும் ஒண்ணா நிக்கற நேரத்துல."

"மேனேஜர் மாறிட்டாரும்மா. பாதிப் பேருக்கு உன் வீட்டுக்காரன் யாருன்னே தெரியாது."

"ஆளைத் தெரியாது, பேரு தெரியுமே. இன்னும் அங்க துணியை ஆறவிடாம எடுத்தா 'தீப்பெட்டி வேலை'ன்னுதான சொல்றாங்க? இல்லன்னு சொல்லுங்க."

 போன வாரம்தான் அவர் காதால் கேட்டிருந்தார். சொன்ன பெண் சிரித்தாள். இவர் உறைகளை எண்ணிக்கொண்டே இருந்தார்.

"வியாழக்கிழமை சொல்றேன்," என்றார்.

"ரெண்டு மணிக்கு," என்று சொல்லிவிட்டு அவள் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

வியாழக்கிழமை வெயில் தகரக்கூரையில் இறங்கி, உள்ளே நீராவியோடு கலந்து நின்றது. சட்டை முதுகில் ஒட்டியது. இரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது டிரையர்காரர் தலையணை உறைகளை அப்படியே விட்டுவிட்டு மூன்றாவது டிரையரின் முன்னால் போய் நின்றார். பழைய மெஷின் போய்ப் புதியது வந்து பல வருஷமாகிறது. அட்டை மட்டும் அதே அட்டைதான். நான்கு கட்டத்திலும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், நான்கு கையெழுத்து.

போகிறவர்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். வருகிறவர்கள் மேலங்கியை மாட்டிக்கொண்டிருந்தார்கள். முப்பது பேர் இருப்பார்கள்.

"ஒரு விஷயம் சொல்லணும்," என்றார்.

டிரையர்களின் இரைச்சலில் அது அவருக்கே கேட்கவில்லை.

"மெஷினைக் கொஞ்சம் நிறுத்துங்க!"

சூப்பர்வைசர் ஓடிவந்தாள். முப்பது வயதுப் பெண், நல்லவள். "என்ன சார், உடம்புக்கு என்ன பண்ணுது? தலை சுத்துதா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா. நிறுத்தச் சொல்லு."

அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் சைகை காட்டினாள். டிரையர்கள் ஒவ்வொன்றாகச் சுற்றி ஓய்ந்தன. அந்தத் திடீர் அமைதியில் குழாயில் சொட்டும் தண்ணீர்கூடக் கேட்டது. அவர் சொன்னார். எந்த வருஷம், எந்த டிரையர், எத்தனை மணி. காலையிலேயே போட்ட கையெழுத்து. பஸ்ஸில் உட்கார இடம். மேனேஜர் அறையில் ஆட்டிய தலை. தீப்பெட்டி என்று நீங்கள் சொல்கிற ஆளுக்கும் அந்தத் தீக்கும் சம்பந்தம் இல்லை. வைத்தவன் நான்.

சொல்லி முடித்தார். யாராவது கத்துவார்கள் என்று நினைத்தார். இளைஞர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அட்டையில் கையெழுத்துப் போட்டிருந்த பையன் மெல்லத் தலையைத் திருப்பிக்கொண்டான். உருளையில் நிற்கும் வயதான பெண்மணிதான் முதலில் பேசினாள். தீ பிடித்த அன்றும் அவள் அங்கே இருந்தவள்.

"அது எந்தக் காலத்துக் கதைய்யா. அதைப் போய் மனசுல போட்டுக்கிட்டு... எவ்வளவு பெரிய வியாதியிலேர்ந்து எழுந்து வந்திருக்கீங்க. அதுலயே எல்லாம் அனுபவிச்சாச்சு, விடுங்க."

"ஆமா சார்," என்றாள் சூப்பர்வைசர். "உங்க உடம்புக்கு இந்த டென்ஷனெல்லாம் ஆகாது."

"அந்த வியாதி வேற, இது வேற," என்றார் அவர். "இதுக்காக அது வரல. அது வந்ததால இது போகவும் போகாது."

"சரி சார், சரி." குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். "ஏய், அந்த நாற்காலியைக் கொண்டா. தண்ணி கொண்டா யாராவது."

யாரோ நாற்காலியைக் கொண்டுவந்து அவர் பின்னால் போட்டார்கள். யாரோ முழங்கையைப் பிடித்தார்கள். அத்தனை கைகளும் மிருதுவாக இருந்தன.  உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தால் எல்லாம் முடிந்துவிடும். டிரையர்கள் மறுபடி ஓடும். பாவம், நல்ல மனுஷன் என்று பேசிக்கொண்டே பஸ்ஸுக்குப் போவார்கள்.

"அந்த நாற்காலியை எடுங்க."

லாரி வந்து நிற்கும் பின்வாசலில் மைத்துனன் நின்றிருந்தான். கிடங்கிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். தலை, புருவம் எல்லாம் கல்தூசி. பக்கத்தில் மடிப்புக்காரி. பன்னிரண்டு வருஷத்தில் அவன் அந்தத் தரையில் கால் வைத்ததில்லை. இப்போதும் வாசற்படிக்கு உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாகத்தான் நின்றான்.

"யாருப்பா நீ?" என்றாள் சூப்பர்வைசர். "அவரு உடம்பு சரியில்லாதவரு."

"அவரு உடம்பு எனக்குத் தெரியும். உங்க எல்லாரையும்விட எனக்கு நல்லாத் தெரியும்." அவன் குரல் தகரக்கூரையில் மோதித் திரும்பியது. "அவருக்கு ஒண்ணும் ஆகாது. தண்ணியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அவரு கையை விடுங்க. தானா நிக்கட்டும். நான் இவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்கேன், பாதி காதுல விழல. முதல்லேர்ந்து திருப்பிச் சொல்லட்டும்."

முழங்கையைப் பிடித்திருந்த கை தயங்கி விலகியது. யாரோ நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார்கள். அதன் கால்கள் சிமெண்ட் தரையில் கிறீச்சிட்டன.

ஐந்து வருஷத்தில் அவரிடம் யாரும் இப்படிக் கத்தியதில்லை. டிரையர்காரர் கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டார்.  மைத்துனனின் முகத்தைப் பார்த்தார், பார்க்க முடியவில்லை, மறுபடி பார்த்தார்.

"அன்னிக்குக் காலைல ஆறு மணிக்கு வந்தேன்," என்று ஆரம்பித்தார்.

"சத்தமா," என்றான் மைத்துனன்.

"அன்னிக்குக் காலைல ஆறு மணிக்கு," என்றார் அவர், சத்தமாக.